வாடாத புல்லுக்கு ஒரு வாழ்த்து

புல்லுக்கு ஒரு பருவத்தில் பச்சை, ஒரு பருவத்தில் பழுப்பு என்றுதான் படைத்தவன் விதித்தான். அந்தப் பிழையைத் திருத்திக் கொடுத்த பெருமை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் ஆகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பையே சேரும். செடி, மர நாற்றுப் பண்ணையாக இருந்த நிலத்தில் பாபி ஜோன்ஸும் கிளிஃபர்ட் ராபர்ட்ஸும் உருவாக்கி 1933இல் திறந்த கிளப் அது. ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு புல்நுனிகூடப் பழுத்திருக்காது. பழுக்க அதற்கு அனுமதி இல்லை.

அந்தத் தரைக்கு உரிமைக்காரன் நமக்குப் பழக்கமானவன்தான். அவர்கள் பெர்முடா என்று சொல்வது நம் அருகம்புல்லின் இனம். சென்னை அடுக்குமாடி வளாகங்களில் கொரியன் புல்லுக்கு நடுவே தலைநீட்டினால் ஆள்வைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையார் சதுர்த்தியன்று தெருமுனையில் காசு கொடுத்துக் கட்டுக் கட்டாக வாங்கி வருவோமே, அதேதான். வெயில் ஏறினால் கொழிக்கும். மண் குளிர்ந்தால் வைக்கோல் நிறத்தில் படுத்துத் தூங்கிவிடும். ஜார்ஜியாவின் கோடையில் அது யாரும் கெஞ்சாமலே பச்சைப்பசேலென்று நிற்கும். அந்தச் சமயம் பார்த்துத்தான், மே மாதக் கடைசியில், கிளப் கதவைச் சாத்துகிறது. அக்டோபர் வரை ஆட்டம் கிடையாது. செழித்து நிற்கும் பிள்ளைமேல் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதல்லவா?

கோடை தணிகிற நேரத்தில் வேலை சூடுபிடிக்கிறது. தழைத்திருக்கும் அருகை ஒட்ட வெட்டி, அதன் தலைமேலேயே ரை புல் விதையை மூட்டை மூட்டையாகத் தூவுகிறார்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம், பத்து நாளில் பச்சை கட்டிவிடும். ரை குளிர்தாங்கி. அருகு அடியில் உறங்க, பனிக்காலம் முழுக்க மேலே இது நிற்கும். ஏப்ரலில் கேமரா படம்பிடிப்பது இந்த டூப்பைத்தான். மண்ணின் கதாநாயகன் ஃபிரேமிலேயே இல்லை. போட்டி முடிந்து வெயில் ஏறியதும் ரை செத்துப்போக வேண்டும். தயங்கினால் அனுப்பிவைக்க இந்தத் தொழிலில் மருந்தும் உண்டு. அடுத்த இலையுதிர் பருவத்தில் மறுபடி விதை. ஆண்டுதோறும் ஒரு பயிரை விதைத்து, ஊட்டி வளர்த்து, அறுவடையே இல்லாமல் சாகவிடும் இந்த வேளாண்மைக்கு நம்மூர்க் கூட்டுறவு வங்கியில் கடன் கிடைக்காது. அங்கே உலகமே கைதட்டுகிறது.

குழியைச் சுற்றியிருக்கும் கிரீன்களுக்குக் கிடைத்த பரிவு இதைவிடப் பெரிது. அங்கேயும் முன்பு பெர்முடாதான். 1981 போட்டிக்குள் அதைப் பெயர்த்துவிட்டு பென்ட் புல்லைக் குடியேற்றினார்கள். 3 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சிரைத்தாலும் பென்ட் தாங்கும், பந்து அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜார்ஜியா வெயிலை மட்டும் அதால் தாங்க முடியாது. அது ஒரு குறையா என்ன? கிளப்பின் தரைப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்ட மார்ஷ் பென்சன் 1990களில் சப்ஏர் என்ற அமைப்பை உருவாக்கினார். தரைக்கு அடியில் குழாய்கள். மழை பெய்தால் ஈரத்தை இழுக்கும். வேர் புழுங்கினால் காற்றை ஊதும். காய்கிற ஊரில் குளிர்நாட்டுப் புல்லை நட்டு, அதன் வேருக்கு விசிறியும் வைத்த கருணையை வேறெங்கே காண்போம்? 1994இல் சிபிஎஸ் வர்ணனையாளர் கேரி மெக்கார்ட், மெழுகு போட்டு முடி எடுத்தது போல இந்தக் கிரீன்கள் இருக்கின்றன என்று நேரலையில் கிண்டலடித்தார். அடுத்த ஆண்டு முதல் மாஸ்டர்ஸ் ஒளிபரப்பில் அவரைக் காணோம். புல்லுக்கும் மானம் உண்டு.

மணற்பள்ளங்களில் கிடப்பது ஆற்றுமணல் என்று நினைத்துவிடாதீர்கள். வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் ஊர்க் குவார்ட்ஸ் அது. கணினிச் சில்லுக்கான சிலிக்கானை உருக்கும் மூசைகளுக்கு அதே ஊர்க் குவார்ட்ஸைத் தேடித்தான் உலகம் போகிறது. இங்கே பந்து புதைய உதவுகிறது.

புல்லை வரவேற்பதில் இத்தனை தாராளம் காட்டிய இடம், ஆளை வரவேற்பதில் மட்டும் நிதானம் பார்த்தது. வெளியூர் ரைக்குப் பத்து நாளில் வேர்விட இடம் கிடைத்துவிடும். முதல் கறுப்பின உறுப்பினருக்கு 1990 ஆகிவிட்டது, பெண்களுக்கு 2012. அதற்குமுன் கறுப்பினத்தவர் உள்ளேயே வரவில்லை என்று யாரும் பழி சொல்லக் கூடாது. 1982 வரை மாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் கிளப்பின் சொந்த ஆட்களிடம்தான் மட்டைப் பையைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பை தூக்கிய அத்தனை பேரும் கறுப்பினத்தவர்தான். அந்த உரிமையைப் பல பத்தாண்டுகள் வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்தார்கள்.

பச்சை வேலியைத் தாண்டியும் பரவியது. அக்கம்பக்கத்து வீடுகளை நல்ல விலை கொடுத்து வாங்கி, இடித்து, புல் வளர்த்து, வண்டி நிறுத்தும் இடமாக்கினார்கள். போட்டி வாரத்தில் நிரம்பி வழியும், கட்டணமும் கிடையாது. மற்ற வாரங்களில் அந்தப் புல் அமைதியாக வளர்கிறது. குடியிருந்த குடும்பங்களிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்த்திருக்க முடியுமா?

மற்ற ஊர்க் கிளப்களின் தரைப் பராமரிப்பாளர்களுக்கும் ஆகஸ்டா ஒரு கொடை தந்திருக்கிறது. போட்டியைப் பார்த்துவிட்டு வரும் உறுப்பினர், "நம்ம தரை ஏன் சார் இப்படி இல்லை?" என்று பிடித்துக்கொள்வார். இதற்குத் தொழிலில் 'ஆகஸ்டா சிண்ட்ரோம்' என்றே பெயர். "மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை கிளப்பைப் பூட்டிவிடுவோம், செலவுக்குக் கணக்குக் கேட்காதீர்கள், நாமும் செய்துவிடலாம்" என்று பதில் சொல்லத் துணிகிறவருக்கு, அடுத்த ஏப்ரலில் நான்கு நாள் ஆட்டத்தையும் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.