பென்ஷனில் ஓடிய நார்ட்டன்

நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனி இதுவரை எத்தனை தடவை மண்ணைக் கவ்வியது என்று கேட்டால் பிரிட்டிஷ்காரர்களுக்கே கணக்குக் குழம்பும். ஒவ்வொரு தடவையும் பட்டறை போகும், ஆட்கள் போவார்கள், கடன் கொடுத்தவர் வயிற்றில் அடித்துக்கொள்வார். பெட்ரோல் டேங்கில் வளைத்து எழுதிய அந்தப் பெயர் மட்டும் கீறல் படாமல் வெளியே வந்து, அடுத்த முதலாளியின் மடியில் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். பாரம்பரியம் அல்லவா, அதற்குச் சாவு கிடையாது.

1898இல் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் கடை திறந்தார். 1907இல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவை நார்ட்டன் வண்டி ஜெயித்தது. ஆங்கிலேயப் பொறியியலின் மணிமகுடம் என்று நூறு வருஷத்துக்கும் மேலாக மார்தட்டுகிறார்களே, அந்த வண்டிக்குள் உறுமியது பிரெஞ்சுக்காரரின் பூஜோ எஞ்சின். விளம்பரத்தில் இதைத் தேடாதீர்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். முதலில் சின்ன வண்டிகளோடு வந்தான். பிரிட்டிஷ் முதலாளிகள் பதறவில்லை. சின்ன வண்டியில் பழகுகிறவன் நாளைக்கு நம்முடைய பெரிய வண்டிக்குத்தானே வந்தாக வேண்டும், நமக்கு இலவசமாக வாடிக்கையாளர்களைத் தயார் செய்து தருகிறான் என்று தேநீரை உறிஞ்சினார்கள். 1969இல் ஹோண்டா சிபி750 வந்து இறங்கியது. நான்கு சிலிண்டர், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பட்டனை அமுக்கினால் கிளம்பும் எஞ்சின். நார்ட்டன் கமாண்டோவுக்கு அந்தப் பட்டன் கிடைக்க 1975 ஆயிற்று. கிடைத்த பட்டனின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். அமுக்கினால் மோட்டார் ஒரு முக்கு முக்கும், எஞ்சின் அசையாது. பட்டனை அமுக்கிக்கொண்டே கிக்கரையும் மிதித்தால்தான் அய்யா கண் திறப்பார்.

எண்ணெய்க் கதை இன்னும் உருக்கமானது. ஜப்பான்காரன் எஞ்சினின் அடிக்கூட்டைக் கிடைமட்டமாகப் பிரித்து மூடினான், ஒழுகவில்லை. பிரிட்டனில் செங்குத்தாகப் பிளந்து இரண்டு பாதியையும் சேர்த்து முடுக்கினார்கள், மூட்டு மூட்டாகக் கசிந்தது. வண்டி நிற்கிற இடத்தில் தகரத்தட்டு ஒன்றைத் தள்ளி வைப்பது பக்தர்களின் நித்திய கடமை. சொட்டுகிறதென்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம், சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்று அதற்கு ஒரு வியாக்கியானமும் வைத்திருந்தார்கள்.

1973இல் அரசு சுமார் 50 லட்சம் பவுண்டு வரிப்பணத்தைப் போட்டு நார்ட்டனையும் டிரையம்ஃபையும் ஒரே கூட்டில் அடைத்தது. புதிய நிர்வாகம் செய்த முதல் வீரச்செயல், டிரையம்ஃபின் மெரிடன் ஆலையை மூடுகிறோம் என்று அறிவித்தது. தொழிலாளிகள் ஆலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். 1975இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தது. சின்ன வண்டிச் சந்தை கையைவிட்டுப் போனபோது லாபமில்லை என்று ஒதுங்கினீர்கள், நடுத்தர வண்டி போனபோதும் ஒதுங்கினீர்கள், இனி ஒதுங்க இடமில்லை என்பதுதான் அதன் சாரம். சந்தை மாறிவிட்டது, என்ன செய்ய என்று முதலாளிகள் கையை விரித்தார்கள். சந்தை ராத்திரியோடு ராத்திரியாக மாறவில்லை அய்யா. பத்து வருஷமாக உங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

இதுவரைக்கும் மடத்தனம். மடத்தனத்தைச் சிரித்துவிட்டு மன்னிக்கலாம். அடுத்தது அப்படியல்ல.

2008இல் ஸ்டுவர்ட் கார்னர் என்பவர் நார்ட்டன் பெயரை வாங்கினார். பழம்பெருமை திரும்பிவிட்டது என்று பத்திரிகைகள் புல்லரித்தன. டோனிங்டன் மாளிகைக்குக் கம்பெனி குடிபோனது. 2015இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நேரில் வந்து கேமராவுக்குச் சிரித்து, 40 லட்சம் பவுண்டு அரசு உதவி அறிவித்தார். எண்ணெய் ஒழுகலைப் பார்க்கத் தட்டு வைத்தார்கள். பணம் ஒழுகுவதைப் பார்க்க ஒரு அரசே வந்தும் பயனில்லை.

அப்போது கம்பெனிக்குள் ஓடிக்கொண்டிருந்தது எவர் காசு? 200க்கும் மேற்பட்ட சாமானியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு. சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுண்டு. அவர்களில் பலர், பென்ஷனை இங்கே மாற்றினால் கையில் கொஞ்சம் ரொக்கம் வரும் என்ற ஆசை வார்த்தையில் விழுந்தவர்கள். தொழில் நடத்துகிறவரின் சொந்தக் கம்பெனியில் பென்ஷன் நிதியின் 5 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் நிதிக்கு அறங்காவலர் கார்னர், கம்பெனிக்கு முதலாளியும் கார்னர். பணம் கேட்கிறவரும் அவரே, கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்ததாகச் சொல்வார்கள். இங்கே உடைத்தவரே பிள்ளையாராகவும் உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷம் கழித்து எங்கள் பணம் எங்கே என்று கேட்டவர்களின் கடிதங்களுக்குப் பதில் போட ஆளில்லை. 44,000 பவுண்டு விலையில் வி4 எஸ்எஸ் வண்டியை வெளியிட்டுக் கைத்தட்டல் வாங்க மட்டும் நேரமிருந்தது.

2020 ஜனவரியில் கடை கவிழ்ந்தது. ஏப்ரலில் ஓசூர் டி.வி.எஸ். 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு நார்ட்டனை வாங்கியது. வெள்ளைக்காரன் கம்பெனியையே வாங்கிட்டோம்ல என்று நம் ஊர் வாட்ஸ்அப்பில் ஒரே வாணவேடிக்கை. வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட்டோடு ஆரம்பித்த கம்பெனி அது. பால்கேனும் கீரைக்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமக்கிற வண்டி. சின்ன வண்டி செய்கிறவனால் நமக்கென்ன ஆபத்து என்று தேநீர் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மொபெட்காரரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இது புதிதுமல்ல. திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் உருண்டுகொண்டிருக்க, இங்கிலாந்தில் அதன் தாய்க் கம்பெனி செத்தே போனது. பி.எஸ்.ஏ. என்ற இன்னொரு பிரிட்டிஷ் வண்டிப் பெயரும் மஹிந்திரா வீட்டுக்கு வந்துவிட்டது.

டி.வி.எஸ். வாங்கியது பெயரும் வரைபடமும் தளவாடமும். சட்டப்படி சரியான கொள்முதல். பென்ஷன்காரர்களின் பாக்கி பழைய கம்பெனியின் பிணத்தோடு கிடந்தது. புதிய நிர்வாகம் பழைய வி4 வண்டிகளைப் பிரித்துப் பார்த்து 35 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டு, ஓட்டாதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. 44,000 பவுண்டு கொடுத்தவர் வரவேற்பறையில் நிறுத்திவைத்துத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

ஓய்வூதியக் குறைதீர்ப்பாளர் 2020 ஜூனில் கார்னர் நேர்மையற்று நடந்தார் என்று தீர்ப்புச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார். அவர் திவாலாகிவிட்டார். கடைசியில் மோசடி இழப்பீட்டு நிதி கைகொடுத்தது. மற்ற பென்ஷன் திட்டங்களிடம் தீர்வை வசூலித்துச் சேர்க்கிற நிதி அது. அதாவது ஒரு தொழிலாளியின் பானையில் விழுந்த ஓட்டையை இன்னொரு தொழிலாளியின் பானையைச் சுரண்டி அடைத்தார்கள்.

2022 மார்ச்சில் டெர்பி நீதிமன்றம் தண்டனை சொன்னது. குற்றத்தை ஒப்புக்கொண்ட கார்னருக்கு எட்டு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று வருஷம் கம்பெனி இயக்குநராக இருக்கக் கூடாதாம். வழக்குச் செலவுக்கு 20,000 பவுண்டு சொச்சம் கட்டச் சொன்னார்கள். அந்தக் காசுக்கு வி4 எஸ்எஸ்ஸில் பாதி வண்டிகூட வராது.