பேட்டரி மரபியல்: வாசல் கேமரா குறித்த ஓர் ஆராய்ச்சியுரை

வாசலில் மாட்டிய கம்பியில்லாக் கேமராவின் பேட்டரியைத் தீர்ப்பவர் யார் என்பதே இவ்வாராய்ச்சியின் பொருள். திருடன் என்பார் விளம்பரம் எழுதுவோர். அற்றன்று. என்னை? ‘ஆறு மாதம் தாங்கும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்க, மூன்றாம் வாரமே ‘பேட்டரி குறைவு’ என்று போன் சிணுங்குகிறது. அதற்குள் தெருவுக்கு ஒரு திருடனும் வந்தபாடில்லை. ஆதலின் தீர்த்தது வேறு ஆள் என்பது போதரும்.

கேமரா பெரும்பொழுதும் உறங்கும். வெப்பம் நகர்வதை உணரும் பி.ஐ.ஆர். சென்சார் மட்டும் துளி மின்சாரத்தில் காவலிருந்து, ஏதேனும் அசைந்தால் அதைத் தட்டி எழுப்பும். எழுந்தால் படம் பிடிக்க வேண்டும், வைஃபையில் அனுப்ப வேண்டும், இரவானால் அகச்சிவப்பு விளக்கும் போட வேண்டும். கூடத்து ரவுட்டருக்கும் வாசலுக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றால், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக் களைக்கும். செலவெல்லாம் எழுந்த பின்புதான். எனவே எழுப்புவோரை வகைப்படுத்தினால் போதும். உயிர்களை வகைப்படுத்தத் தொல்காப்பிய மரபியலை விட்டால் நமக்கு வேறு நூல் ஏது?

ஓரறிவுயிர் முருங்கை. வெயிலில் சூடேறிய கிளை ஆடும்போதெல்லாம் ஆள் வந்துவிட்டதாகக் கேமரா நம்புகிறது. கிளையை வெட்டலாம், கீரைக்கு எங்கே போவது என்று அம்மா கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. செயலியில் அந்த மூலையை மட்டும் மறைத்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது. ஈரறிவு நத்தையால் தீங்கில்லை. மூவறிவு எறும்பு, சார்ஜ் துளையின் ரப்பர் மூடி திறந்து கிடந்தால் குடியேறும். சிலந்தியைத் தொல்காப்பியர் பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தந்தக் கிளையில் பிறவும் உண்டு என்று இடம் விட்டிருக்கிறார். அந்த இடத்தில்தான் அது வலை பின்னுகிறது. லென்ஸ் முன் ஆடும் இழை, இரவு வெளிச்சம் பட்டு வெள்ளை வெளேரென்று படத்தை மறைக்கும். வாரம் ஒருமுறை ஒட்டடைக்கோல் போதும். ஐயறிவு நாய், பூனை பற்றி விரிப்பின் பெருகும்.

ஈண்டு ஒரு புறனடை. வேலூரில் கத்திரி வெயில் 37 டிகிரியை எட்டும்போது ஆளும் சுவரும் ஏறக்குறைய ஒரே சூடு, பி.ஐ.ஆருக்கு வேறுபாடு தெரியாது. முருங்கை ஆடினால் பதறி எழும் கருவி, நண்பகலில் ஆள் நடந்தால் அயர்ந்து தூங்கக்கூடும். திருடர்கள் இப்பத்தியைப் படிக்க வேண்டாம்.

அதே வெயில் பேட்டரியையும் தின்கிறது. லித்தியம் அயனுக்குச் சூடுதான் எமன். மேற்குச் சுவரில் காய்ந்தால் சீக்கிரம் மூப்படையும், சில வேளை உப்பியும் போகும். சன்ஷேடுக்கு அடியில், வடக்குச் சுவர் உத்தமம். ‘சுத்தமா இறக்கிட்டு அப்புறம் ஏத்துங்க சார்’ என்பார் மொபைல் கடைத் தம்பி. அது நிக்கல் காட்மியம் காலத்து வைத்தியம். லித்தியம் அயன் 1991இல் கடைக்கு வந்து, 2019இல் மூவருக்கு நோபல் பரிசும் வாங்கித் தந்துவிட்டது. தம்பிக்கு இன்னும் தகவல் போகவில்லை. இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்குமுன் ஏற்றுவதும், எண்பதைத் தாண்டியதும் கழற்றுவதும் அதற்கு இதம்.

சோலார் தகடு மாட்டினால் தீர்ந்தது என்பார் பிறிதொரு சாரார். தெற்கு நோக்கி, மழைநீர் வழிந்தோடுமளவு சாய்த்து, நிழல் படாமல் மாட்டினால் உண்மைதான். ஆனால் அது காக்கைக்கு வாகான இருக்கை. தகட்டின் ஓரத்தில் விழுந்த எச்சம்கூட மின்சாரத்தை வெகுவாகக் குறைத்துவிடும். ஐப்பசி அடைமழையில் தகடும் விரதம்.

எஞ்சியது ஆறறிவுயிர். அது இருவகைப்படும்: கேமராவின் முன் நிற்பது, பின் நிற்பது. முன் நிற்கும் பால்காரரும் கூரியர்காரரும் நிமிடத்தில் போய்விடுவர். பின் நிற்பவர் டல்லாஸில் இருக்கும் மகன். மதியச் சாப்பாட்டு வேளையில், ‘சும்மா ஒரு தடவை’ என்று அவர் நேரலையைத் திறக்கிறார். அங்கே பகல் ஒரு மணி என்றால் இங்கே நடுநிசியை நெருங்கும் நேரம். அகச்சிவப்பு விளக்கு எரிகிறது, வைஃபை மூச்சுவாங்குகிறது, கேட் அசையாமல் நிற்கிறது. கேட் நிற்பதை அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்க்கிறார். முருங்கையும் பூனையும் சேர்ந்தும் ஈடுகொடுக்க முடியாத செலவு இது. எனவே பேட்டரியைத் தீர்ப்பவர் வீட்டுக்குடையவரே என்பது துணிபு.

இறங்கிய பேட்டரியை ஏற்ற ஏணியில் ஏறுபவர் மட்டும் எழுபதைத் தொடும் அப்பா. கேமராவைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் சார்ஜ் போடுபவர், அதை அணைத்துவைக்க வேண்டும் என்ற விதியை அறியார். அறியாமையின் விளைவு, இட்லியின் நடுவே அவர் போன் அடிக்கிறது.

“அப்பா, சட்னில உப்பு தூக்கலா போடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரில்ல?”