கூப்பிட்டவருக்கே குழி: கேள்வி-பதில்

தோட்ட ஆபீஸ் கிளாக்கர், பொகவந்தலாவை
கேள்வி: தினமும் கொழும்பு ஹெட் ஆபீஸுக்கு எஃப்டிபி மென்பொருளில் ஃபைல் அனுப்புகிறேன். அதில் ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ ஓட்டை இருக்கிறதாம். அது என்ன கூத்து?

பதில்: உங்கள் செக்ரோலையே விரியுங்கள். பெயருக்கு ஒரு கட்டம், பக்கத்துக் கட்டத்தில் வேலை நாள். ஒருவன் ஒரு முழத்துக்குப் பெயர் சொல்ல, நீங்கள் கோட்டைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போனால் பெயரின் வால் வேலை நாள் கட்டத்தில் போய் உட்காரும். அந்த வால் ‘25’ என்று முடிந்தால்? ஒரு நாளும் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வராதவனுக்கு 25 நாள் பேர் விழும், சம்பளமும் போகும். கம்பியூட்டரில் 256 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 2,000 எழுத்தைக் கொட்டினால், மிச்சம் பக்கத்து நினைவகத்தில் விழும். ‘இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போக வேண்டும்’ என்ற முகவரி பல நேரம் அங்கேதான் இருக்கும். அதை மாற்றத் தெரிந்தவன், தன் கட்டளையை உங்கள் கம்பியூட்டரில் ஓட்டுவான். தெரியாதவன் அனுப்பினால் மென்பொருள் படுத்துவிடும், அவ்வளவுதான்.

வாசகி, ஹட்டன்
கேள்வி: நான்தானே சேர்வரைக் கூப்பிடுகிறேன்? அது எப்படி என்னைத் தாக்கும்?

பதில்: பதில் சொல்லித்தான். நீங்கள் போனதும் சேர்வர் ‘220’ என்று தொடங்கி வரவேற்கும். பேசிவ் முறையில் ‘227’ என்று தொடங்கி எந்த ஐபி, எந்தப் போர்ட் என்று சொல்லும். கேட்டால் ஃபைல் பட்டியலும் தரும். இதெல்லாம் சின்ன வரியாகத்தான் வரும் என்று நம்பி எழுதிய கிளையன்ட்கள் (உங்கள் பக்கத்து மென்பொருள்கள்) பல. கெட்ட சேர்வர், ஒரே ஒரு ஃபைல் பெயரைப் பல ஆயிரம் எழுத்தில் அனுப்பி வைக்கும். ஃபயர்வாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நீங்களே கேட்டு வாங்கிய பதிலாயிற்றே!

வாசகர், வட்டவளை
கேள்வி: எஃப்டிபியை உண்டாக்கிய வெள்ளைக்காரன் இதை யோசிக்கவில்லையா?

பதில்: வெள்ளைக்காரர் இல்லை, அபய் பூஷண். கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போனவர். 1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114 ஆக அதை எழுதினார். அவரைக் குறை சொல்லாதீர்கள். வரும் வரியின் நீளத்தைப் பார்க்காமல் சி மொழியில் நகலெடுத்தவர்கள் செய்த வேலை இது. சி-யில் ‘கெட்ஸ்’ என்று ஒன்று இருந்தது, நீளத்தைக் கேட்கவே கேட்காது. அதைத் தரநிலையிலிருந்து தூக்க 2011 ஆயிற்று.

ஆசிரியர், தலவாக்கலை
கேள்வி: நாலு எழுத்து கூடினால் குடியா முழுகிவிடும்?

பதில்: 1988 நவம்பர் 2ஆம் திகதி கோர்னெல் மாணவர் ரொபர்ட் மோரிஸ் விட்ட கணினிப் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். 512 பைட் இடத்துக்கு 536 பைட் அனுப்பியது. கூடியது 24. சுமார் 6,000 கணினிகள் மாட்டின என்பது அன்றைய மதிப்பீடு. அங்கே ஏமாந்தது சேர்வர், இங்கே கிளையன்ட். குழி ஒன்றுதான்.

வாசகர், நுவரெலியா
கேள்வி: எஸ்எஃப்டிபிக்கு மாறிவிட்டேன். இனி நிம்மதிதானே?

பதில்: பாதி நிம்மதி. உங்கள் பாஸ்வேர்ட், வழியில் போகிறவனுக்குத் தெரியாது. ஆனால் பூட்டுப் போட்டு அனுப்பினாலும் நீண்ட வரி நீண்ட வரிதான். 2013 ஆகஸ்டில் புட்டி என்ற மென்பொருளின் 0.63 வெர்ஷன் வந்ததே இப்படிப்பட்ட நினைவகப் பிழைகளைத் திருத்தத்தான். அவற்றில் ஒன்று, சேர்வர் யார் என்று சரிபார்க்கும் முன்பே வேலையைக் காட்டக்கூடியது! ஃபைல்ஸில்லா என்ற கிளையன்டின் எஸ்எஃப்டிபி பகுதி புட்டியிலிருந்து எடுத்தது என்பதால் அதையும் திருத்த வேண்டி வந்தது.

மாணவி, கொட்டகலை
கேள்வி: என் க்ரோமில் எஃப்டிபி முகவரி திறக்கவில்லை. வைரஸா?

பதில்: புத்தி. 2021இல் க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கழற்றிவிட்டன.

பெயர் வேண்டாம், மஸ்கெலியா
கேள்வி: பழைய வெர்ஷன் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றத் துரை காசு தரமாட்டார்.

பதில்: ஃபைல்ஸில்லாவும் வின்எஸ்சிபியும் இலவசம், துரையைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ‘ஓடுகிறதே’ என்று விட்டால் என்ன ஆகும் என்று கொழும்பைக் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் அரசாங்க கிளவுட்டை ரான்சம்வேர் பிடித்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. அது வேறு வகைத் தாக்குதல்தான். ஆனால் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான மென்பொருள்.

வாசகர், டிக்கோயா
கேள்வி: சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

பதில்: 2006 முதல் இயங்கும் கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டிடம். மென்பொருளின் பெயர், வெர்ஷன் எண், போன சேர்வர் முகவரி எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘கம்பியூட்டர் ஒரு மாதிரி நடக்குது’ என்று மட்டும் எழுதினால், பதிலும் ஒரு மாதிரிதான் வரும்.