கோஜாமில் ஓர் இங்கிலீஷ் வாத்தியார்

ஆங்கிலம் கற்றுக்கொடுக்க நான் வெளிநாடு போனது 1981இல். எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. எத்தியோப்பியாவிலிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள் மெட்ராஸில் ஓர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து எம்.ஏ., பி.எட். சான்றிதழ்களைப் புரட்டினார்கள். குளிர் தாங்குமா என்றார்கள். மலை ஊருக்குப் போகச் சம்மதமா என்றார்கள். கோவில்பட்டிக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழிதான், தாங்கும் என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் படித்தவன் நான். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து மேலே வந்தவன், ஷேக்ஸ்பியரைப் பாதி தமிழில் விளக்கிய பேராசிரியரிடம் பாடம் கேட்டவன். ஒரு வெள்ளைக்காரரோடும் அதுவரை பேசியதில்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது சர்வதேச ஆங்கில ஆசிரியர் ஆகியிருந்தேன்.

என் தங்கையின் பேத்தி எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கில வழி. கனவுகூட ஆங்கிலத்தில்தான் காண்கிறாள் என்று அவள் அம்மா பெருமைப்படுவாள். தமிழில் மளிகைச் சீட்டு எழுதச் சொன்னால்தான் திணறுவாள். அவளுக்கும் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஆசை. தென்கொரியாவின் பட்டியலைக் காட்டினாள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால்தான் விண்ணப்பம். 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நமக்கும் ஒரு சின்னத் திட்டிவாசல் வைத்திருக்கிறது. அதில் நுழைந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கணினியில் சீனக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் வேலைகளிலும் பல இதே பாஸ்போர்ட்டைத்தான் கேட்டன. 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷனுக்கே கிடுக்கிப்பிடி போட்டு, வெளிநாட்டில் உட்கார்ந்து பாடம் எடுப்பதற்கும் தடை விதித்தது. பாஸ்போர்ட் இருந்தவர்களுக்கும் அந்த வேலை போயிற்று. அன்று பேத்தி சாக்லேட் வாங்கி வந்தாள்.

என் காலத்துக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த ஊர் டெப்ரி மார்கோஸ், கோஜாம் மாகாணம். அடிஸ் அபாபாவிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டர். நடுவில் நீல நைல் வெட்டிய பள்ளத்தாக்கில் பேருந்து கிடுகிடுவென்று இறங்கி, பாலத்தைத் தாண்டி, மறுபக்கம் முனகிக்கொண்டே ஏறும். நைலை அவர்கள் அபாய் என்பார்கள். முதல் தடவை அந்தச் சாலையைப் பார்த்த தமிழனுக்கு ஆற்றின் பெயர் மிகப் பொருத்தமாகத் தோன்றியது.

எத்தியோப்பிய ஆண்டுக்கணக்கு நம்முடையதைவிட ஏழு, எட்டு ஆண்டு பிந்தியது. மாதம் பதின்மூன்று. 1981இல் விமானம் ஏறியவன் 1974இல் இறங்கினேன். 28 வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று கவலைப்பட்ட அம்மாவுக்கு, இங்கே எனக்கு 21தான் ஆகிறது, அவசரம் வேண்டாம் என்று எழுதினேன். மணிக்கணக்கும் வேறு. சூரியன் எழுவதிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு. நாழிகையை உதயத்திலிருந்து எண்ணிய பரம்பரைக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனாலும் வியந்தோம். இங்கிலீஷ் படித்திருந்தோம் அல்லவா?

வகுப்பில் எண்பது பேர் இருப்பார்கள். சுவரில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின். நாட்டை ஆண்டது டெர்க் ராணுவக் குழு, தலைவர் மெங்கிஸ்டு. ஏகாதிபத்தியம் ஒழிக என்று காலையில் கோஷம் போட்ட பிள்ளைகள் அடுத்த மணியில் என்னிடம் செயப்பாட்டு வினை படித்தார்கள், ஏகாதிபத்தியத்தின் மொழியில். உயர்நிலைப் பள்ளியில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான் என்பதால், எது ஒழிந்தாலும் அது ஒழியக் கூடாது. அவர்கள் மொழியான அம்ஹாரிக்கின் எழுத்தை நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். 33 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவம், ஆக 231. நம் உயிர்மெய் 216. தலை, கால், கொம்பு வைக்கும் வித்தை நமக்குப் புதிதில்லை. நான் அவர்கள் எழுத்தைப் படித்துக் காட்டியதும் என் ஆங்கிலத்தின் மேல் அவர்களுக்கு மரியாதை கூடிவிட்டது. அந்தக் கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை.

சில திங்கட்கிழமைகளில் பெஞ்சில் இடைவெளி விழுந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பையன் இருக்க மாட்டான். எரித்ரியாவிலும் டிக்ரேயிலும் போர். எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். பெயரைக் கூப்பிட்டு, ஒரு நொடி நிறுத்தி, அடுத்த பெயருக்குப் போவேன்.

1984இல் வோலோ, டிக்ரே மாகாணங்களின் பஞ்சம் உலகத் தொலைக்காட்சிகளில் வந்தது. கோஜாமில் டெஃப் தானியம் நன்றாக விளையும். எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நான் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறேன் என்று முடிவுகட்டிய அம்மா, ஏரோகிராமின் மடிப்பில்கூட இடம் விடாமல் புலம்பியிருந்தாள். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று நான் எழுதிய பதில் அவளை இன்னும் கலங்கடித்தது. பிள்ளை மறைக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

சாப்பாட்டைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை மாற்றியது அதுதான். எங்கள் ஊரில் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று எழுதாத பட்டியல் ஒன்று உண்டு. நான் பிறந்த வீடு அதில் 'கூடாது' என்று சொல்லும் பக்கம். டெப்ரி மார்கோஸில் இஞ்ஜெரா என்பது அகலத் தட்டு முழுக்க விரித்த, புளித்த தோசை மாதிரியான ஒன்று. அதன் மேல் ஷிரோ என்ற மாவுக் குழம்போ கறிக்குழம்போ ஊற்றி, நான்கைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிடுவார்கள். பிரியம் மிகுந்தால் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாயில் வைப்பார்கள். அதற்கு குர்ஷா என்று பெயர். மறுப்பது மரியாதை இல்லை. கணக்கு வாத்தியார் ஒருவர் முதல் கவளத்தை நீட்டியபோது, என் முப்பாட்டன் வரை அத்தனை பேரும் பின்னால் நின்று பார்ப்பது போலிருந்தது. வாயைத் திறந்தேன். அவர்கள் கலைந்து போனார்கள்.

இதில் வேடிக்கை, அடிஸ் அபாபாவில் கூடும் இந்திய வாத்தியார்கள்தான். மலையாளி மெஸ் தனி, தமிழ் மெஸ் தனி. தமிழ் மெஸ்ஸுக்குள் யார் சமைப்பது என்பதில் ஒரு மௌனம். கடல் தாண்டி வந்தவர்கள் எதைத் தாண்டாமல் வந்தோம் என்பதை அங்கே பார்க்கலாம். விடுமுறையில் ஊர் வந்து நான் எல்லார் வீட்டிலும் காபி கேட்டுக் குடிக்க ஆரம்பித்தபோது, ஆப்பிரிக்கா போய்க் கெட்டுவிட்டான் என்றார்கள். அந்தச் சான்றிதழை நான் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று ஊர் சுற்றுவது சுலபமில்லை. வெளிநாட்டுக்காரன் பக்கத்து மாகாணம் போகக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். உள்நாட்டில் நகர முடியாத எனக்கு உலகம் திறந்திருந்தது என்பதுதான் விசித்திரம். ஒரு டாலருக்கு 2.07 பிர் என்று அரசு கட்டிவைத்திருந்த காலம். சம்பளத்தில் ஒரு பகுதியை டாலராக வெளியே அனுப்ப விட்டார்கள். மிச்சம் பிடித்து ஒருமுறை ரோம் போனேன். கொலோசியம் பார்த்தேன், எல்லாரும் பார்ப்பதுதான். என்னை நிறுத்தியது அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனக் கட்டடத்துக்கு முன்னால் நின்ற 24 மீட்டர் கல்தூண். எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்திலிருந்து முசோலினியின் ஆட்கள் 1937இல் துண்டு துண்டாகத் தூக்கிவந்தது. திருப்பிக் கொடுப்பதாக 1947இல் ஒப்பந்தம் போட்டும், தூண் அங்கேதான் நின்றது. எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன். ஐரோப்பா பார்க்கப் போன இந்தியன், கோஜாம்காரனாக நின்று கறுவிக்கொண்டிருந்தேன். தூண் 2005இல் விமானத்தில் திரும்பிப் போனது. 2008இல் அக்சுமில் மறுபடி எழுப்பினார்கள். இப்போது என் சொந்தக்காரர்கள் ஏழு நாளில் ஐந்து ஐரோப்பிய நாடு பார்த்துவிட்டு வருகிறார்கள். ரோமில் என்ன பார்த்தீர்கள் என்றால், நம் சாப்பாடு கிடைக்கும் ஓட்டல் பெயரைச் சொல்கிறார்கள்.

1990இல் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மெங்கிஸ்டு ஜிம்பாப்வேக்குத் தப்பி ஓடினார். அடிஸ் அபாபாவில் லெனின் சிலையைக் கீழே தள்ளினார்கள். நான் மாலத்தீவில் ஒரு தீவில் சில வருடம் பாடம் நடத்தினேன். அதைப் பற்றி எழுத மீனும் கடலும் தவிர ஒன்றுமில்லை.

2007 செப்டம்பரில் அவர்களுக்கு 2000ஆம் ஆண்டு பிறந்தபோது மறுபடி போனேன். பழைய பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் பெரிய பிளாஸ்மா திரை. பாடத்தைத் தென்னாப்பிரிக்காவில் படம் பிடித்துச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பினார்கள். திரையில் ஒரு குரல் சுத்தமான உச்சரிப்பில் கடகடவென்று ஓடியது. வகுப்பு ஆசிரியர் தொடக்கத்தில் சில நிமிடம், முடிவில் சில நிமிடம் பேசலாம் என்று ஏற்பாடு. நடுவில் ஓரமாக நின்றார். திரைக் குரல் ஒரு கேள்வி கேட்டது. பிள்ளைகள் வாய் திறக்குமுன் "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. என் உச்சரிப்பு அத்தனை சுத்தமில்லைதான். பதில் வரும்வரை காத்திருப்பேன்.

என் மகன் இருப்பது அமெரிக்காவில், மேரிலாந்து. நான் ஆங்கிலம் பேசினால், "அப்பா, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்பான். கடைசி பெஞ்சுக்கு எட்டும்படி நிறுத்தி நிறுத்திப் பேசியே பழகிய வாய் அது. வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டும் எத்தியோப்பியர் பலர். அவர்களில் ஒருவர் நான் முகவரி சொன்னதும் கண்ணாடியில் பார்த்து, "உங்களை மாதிரிதான் எங்கள் ஊர் ஆசிரியரும் பேசுவார், அவர் இந்தியர்" என்றார். எந்த ஊர் என்றேன். பஹிர் தார். என் மாணவர் இல்லை. ஆனாலும் நான் நீட்டிய டிப்ஸை வாங்க மறுத்துவிட்டார்.

பேத்தி இப்போது தாய்லாந்தில் ஒரு பள்ளியில் இருக்கிறாள். டோயிக் தேர்வு எழுதி, ஆங்கிலம் தனக்குத் தெரியும் என்று மதிப்பெண்ணோடு நிரூபித்த பிறகு எடுத்தார்கள். பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் ஆஸ்திரேலியப் பையனுக்கு அந்தத் தேர்வு இல்லை. சம்பளம் இவளைவிட அதிகம். இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் இவளிடம்தான் வருவானாம். "கோபம் வரலையா?" என்றேன். "வருது தாத்தா. ஆனா அவன் நல்லவன்" என்றாள்.

இந்த வேலைக்குக் கிளம்ப நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். போங்கள். போகுமுன் ஒப்பந்தத்தில் வீட்டு வாடகை யார் கொடுப்பது, திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது என்ற இரண்டு வரியையும் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.