ஃபிராவ் சண்முகத்தின் விண்ணப்பம்

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், எங்கள் பல்கலைக்கழகம்.

பொருள்: ஒரே ஒரு 'எஸ்' விரிந்துபோனது தொடர்பாக.

ஐயா,

என் மகள் தங்களிடம் நான்கு வருஷம் மெக்கானிக்கல் படித்து, எஸ். தேன்மொழி என்ற பெயரில் பட்டம் வாங்கினாள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஆகாது, விரித்து எழுதுங்கள் என்றார்கள். விரித்தோம். தேன்மொழி சண்முகம் ஆனாள். அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பாஸ் பண்ணியவள். இன்னொருத்தி ஜெர்மனிக்குப் போக வேண்டியவள்.

இருவரும் ஒருத்தியே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொண்டுவந்தோம். தங்கள் பிரிவு எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டது எந்தத் தேன்மொழி?" என்று கேட்டார். சித்தர்கள் கேட்க வேண்டிய கேள்வி. பதில் தெரியாமல் நாலு முறை பஸ் ஏறினேன்.

அடுத்து டிரான்ஸ்கிரிப்ட். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி, பிரிக்கக் கூடாது என்று கொடுத்தீர்கள். உள்ளே உள்ள மார்க் எங்களுக்குத் தெரியும்; பெயரில் பிழை இருக்கிறதா என்பதுதான் தெரியாது. பிரித்தால் உறை செல்லாது. பிரிக்காமல் அனுப்பி உள்ளே பிழை இருந்தால் மகள் செல்ல மாட்டாள்.

பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற சான்று மட்டும் ஒரே நாளில் கிடைத்தது. அதற்கு நன்றி. ஆனால் தெர்மோடைனமிக்ஸ் இரண்டாம் விதியை அவளுக்குப் புரியவைத்தது, "சூடு எங்கடா போகும்? சூடு கம்மியா இருக்கிற பக்கம்தான் போகும்" என்று நடத்திய வாத்தியார். அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

ஜெர்மனியில் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் 1 முதல் பொதுவாக விசாவுக்கு முன்பே ஏ.பி.எஸ். சான்று வாங்க வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய். தாங்கள் கொடுத்த பட்டம் தாங்கள் கொடுத்ததுதானா என்று பார்க்க நான் கட்டிய பணம் அது. சந்தேகம் தங்கள் மேல், செலவு என் தலையில்.

ஜெர்மானியர் கணக்கில் 1 தான் முதல் மதிப்பெண்; 4-ஐத் தாண்டினால் தோல்வி. மகளின் 8.2 அங்கே ஏறக்குறைய 2.1 ஆகிறது. "பத்துக்கு ரெண்டா?" என்று அவள் பாட்டி ஒரு வேளை சாப்பிடவில்லை.

மூன்றாம் செமஸ்டர் கணக்கில் அவளுக்கு ஒரு அரியர் இருந்தது. அந்த அரியர் விவரச் சான்றையும் தாங்களே கொடுத்தீர்கள். அது எந்தத் தேன்மொழியுடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நிற்க. சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. 'மதிப்பிற்குரிய ஃபிராவ் சண்முகம்' என்று தொடங்குகிறது. ஃபிராவ் என்றால் அம்மையார் என்கிறாள் மகள். ஐம்பத்தைந்து வயதில், இத்தனை பெரிய மீசையோடு, நான் அம்மையாராகியிருக்கிறேன். அந்த அம்மையாரும் இந்த ஆளும் ஒருவரே என்று நான் தனியாக உறுதிமொழி தர வேண்டுமா, மகளுக்குத் தந்ததே போதுமா என்று தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. சண்முகம்
('மு'வை விரிக்கச் சொல்லிவிடாதீர்கள், ஐயா.)