மொய் நோட்டில் வரிசை மாற்றமும் தொகை மாறாமையும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

தேனி தொடங்கி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், கூடலூர் வரை மண்டப வாசலில் மேசை போட்டு எழுதப்படும் மொய் நோட்டுகளே இவ்வாய்வின் மூலச்சுவடிகள். ஊர், பெயர், தொகை என ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று உறுப்புகள். இவற்றுள் பெயர் மிகுந்த ரோசம் உடையது. பிள்ளையார் சுழிக்கு அடுத்து தாய்மாமன் பெயர்தான் வரவேண்டும். பங்காளி முந்திக்கொண்டால், மாமன் பந்தியில் உட்காராமலே வண்டியைக் கிளப்பிவிடுவார். தொகைக்கோ அந்த ரோசம் அறவே இல்லை. மாமனின் 10,001 முதலில் நின்றாலும் கடைசியில் நின்றாலும் மொத்தம் ஒன்றே. அது எப்படி?

நிறுவல் எளிது. நோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இருவரை மட்டும் இடம் மாற்றுவோம். 501-ஐயும் 1,001-ஐயும் எப்படிக் கூட்டினாலும் 1,502; மேலே கீழே இருப்பவர்களுக்குச் சேதியே தெரியாது. இப்படியே ஒவ்வோர் ஆளாகத் தாண்டித் தாண்டிக் கடைசி வரி மாமனை முதல் வரிக்கு ஏற்றிவிடலாம். எந்த வரிசையையும் எந்த வரிசையாகவும் ஆக்கலாம். 200 பேர் எழுதிய நோட்டை அடியோடு தலைகீழாக்க 19,900 இடமாற்றம். வேறெந்த வரிசைக்கும் அதைவிடக் குறைவே போதும். ஒன்றில் அசையாத மொத்தம் 19,900-இலும் அசையாது.

களச்சான்று அன்றிரவே கிடைக்கிறது. நோட்டில் வந்த வரிசைப்படி பக்கம் பக்கமாகக் கூட்டுகிறார்கள். பணத்தையோ 500, 200, 100 என்று தாள்வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். (எல்லோரும் முறைப்படி ஒற்றை ரூபாய் நாணயம் வைத்திருந்தால், நாணயத்தை எண்ணியே ஆள்கணக்கும் எடுத்துவிடலாம்.) பிறகு திருப்பிச் செய்ய வசதியாக ஊர்வாரியாகப் பிரித்து எழுதுவது மூன்றாம் வரிசை, கணினி மொய் வந்த இடங்களில் அதை இயந்திரமே செய்துவிடுகிறது. மூன்றிலும் தொகை ஒன்றே. கணக்கு உதைத்தால் எவரும் கணிதத்தைச் சந்தேகிப்பதில்லை, பணப்பையோடு உட்கார்ந்திருந்த மச்சானைத்தான் பார்க்கிறார்கள். ஒரு தேற்றத்தின் மேல் சமூகம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதற்கு மேல் அத்தாட்சி கேட்பது அதிகம்.

ஆனால் மொய் முடியவே முடியாவிட்டால்? வரவு 1 ரூபாய், செலவு அரை, வரவு மூன்றில் ஒன்று, செலவு கால் என்று ஓயாமல் எழுதிப்போனால் மொத்தம் 69 பைசா சொச்சத்தை நெருங்கும். அதே பதிவுகளில் ஒன்றையும் விடாமல், ஒரு வரவுக்கு இரண்டு செலவு என்று அடுக்கினால் சரிபாதியாகிவிடும். இத்தகைய தொடர்களை வரிசை மாற்றி எந்தத் தொகையையும் வரவழைக்கலாம் என்று 1854-இல் ஆய்ந்து காட்டியவர் ஜெர்மானியர் ரீமான். குமுளி மலைக்கு அந்தப் பக்கம், சங்கமகிராம மாதவனின் மரபில் வந்த பை தொடரும் இதே இனம்தான்.

ஒரு நுட்பம். முடிவிலா நோட்டிலும் ஒரே ஒரு மாமனை மேலே ஏற்றினால் தொகை மாறாது. மாற வேண்டுமானால் எண்ணிறந்த மாமன்கள் ஒருசேர இடம் மாற வேண்டும். அத்தனை மாமன்கள் உள்ள குடும்பம் பள்ளத்தாக்கில் இதுவரை தட்டுப்படவில்லை. கூடலூர்ப் பக்கம் நெருங்கி வருபவை உண்டு.