பனிக்குளியல்

கேள்வி: அமெரிக்காவில் பனிப்புயல் அடித்தால் விமான நிறுவனங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

பதில்: முதலில் விமானத்தைக் குளிப்பாட்டுகிறார்கள்! இறக்கையில் மெல்லிய பனி படிந்தாலே தூக்குவிசை குறைந்துவிடும். அதனால் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த ஆரஞ்சு நிறத் திரவத்தைச் சூடாகப் பீய்ச்சி வழிப்பார்கள். அதன்மேல் கொழகொழவென்று பச்சைத் திரவம் பூசினால், புதுப்பனி கொஞ்ச நேரம் ஒட்டாது. அந்தக் 'கொஞ்ச நேர'த்தில்தான் வில்லங்கமே. ஓடுபாதை வரிசையில் நிற்கும்போதே கெடு தீர்ந்தால் மறுபடியும் குளியல்.

இதைவிடச் சாமர்த்தியமான வழி, புயலுக்கு முதல் நாளே பயணங்களை ரத்து செய்துவிடுவது. பயணி திட்டுவார்தான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து திட்டுவார்.

2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அடித்த பனிப்புயலில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் பட்ட பாடு தனி ரகம். புயல் ஓய்ந்து மற்றவர்கள் பறக்கத் தொடங்கிய பிறகும் இவர்கள் எழுந்திருக்கவில்லை. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே கம்பெனிக்குத் தெரியவில்லை! பணி ஒதுக்கும் மென்பொருள் திணற, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்ல ஊழியர்களே போனில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். சுமார் 16,900 விமானங்கள் ரத்து. 20 லட்சம் பயணிகளுக்கு மேல் தவிப்பு. மறு ஆண்டு அரசு விதித்த அபராதம் 14 கோடி டாலர். பனிக்கல்ல, நிர்வாகத்துக்கு!

டிசம்பரில் பனி கொட்டும் சிகாகோ வழியாகப் போகிறவரா நீங்கள்? காலையின் முதல் விமானத்துக்கே டிக்கெட் போடுங்கள். மாத்திரை, மாற்றுத்துணியைக் கைப்பையில் வையுங்கள்.